அத்தியாயம் 7: பேக்கப் இருக்கிறது, பென்டிரைவ்தான் ஏறமாட்டேன் என்கிறது

நவி மும்பையின் ஐரோலியில் கம்ப்யூட்டரை நம்பிப் பிழைப்பவர்கள் இரண்டு வகை. மைண்ட்ஸ்பேஸ் வளாகத்திலோ தாணே–பேலாப்பூர் சாலையோரத்து டேட்டா சென்டர்களிலோ வேலை பார்ப்பவருக்கு மெஷின் நின்றால் கவலையில்லை. ஐ.டி. பிரிவுக்கு ஒரு டிக்கெட் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகலாம். செக்டர்களுக்குள் ஒற்றை அறையில் கணக்கு எழுதுகிறவர், டிடிபி கடை வைத்திருப்பவர், கிளினிக் நடத்தும் டாக்டர் ஆகியோருக்கு ஐ.டி. பிரிவும் அவரேதான். இந்த அத்தியாயம் அவர்களுக்காக.

முந்தைய அத்தியாயங்களில் சொன்னபடி முழு டிஸ்க்குக்கும் பேக்கப் எடுத்து, மீட்பு பென்டிரைவும் செய்து டிராயரில் போட்டுவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருநாள் விண்டோஸ் எழவில்லை. தேதி பதினெட்டு. இருபதாம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கல் செய்தாக வேண்டும். பென்டிரைவைச் செருகி ஆன் செய்தால் அதுவும் பாதியில் நிற்கிறது. இந்த நேரத்தில் பவர் பட்டனை அழுத்தி அணைப்பது, மறுபடி போடுவது, அதே இடத்தில் நின்றதும் மறுபடி அணைப்பது என்றுதான் பெரும்பாலானோர் இறங்குகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். உள்ளே இருக்கும் ஹார்ட்டிஸ்க் சாகும் தறுவாயில் இருந்தால், இப்படிப் போட்டுப் போட்டு அணைப்பதிலேயே அதன் மிச்ச ஆயுளும் கரைந்துவிடும்.

‘ஹேங் ஆயிடுச்சு’ என்று போன் செய்பவரிடம் விவரம் தெரிந்தவர் முதலில் கேட்பது ‘எந்த இடத்துல?’ என்றுதான். தாணேயிலிருந்து வாசிக்குப் போகும் லோக்கல் ரபாலேயில் நின்றதா, கோபர்கைர்ணேயில் நின்றதா என்று தெரிந்தால்தான் பழுது பார்ப்பவர் எங்கே இறங்குவதென்று முடிவு செய்ய முடியும். பூட் ஆவதும் அப்படித்தான். முதலில் கம்பெனி லோகோ வரும். அடுத்து, பென்டிரைவிலிருந்து கோப்புகள் நினைவகத்துக்கு ஏறும். பிறகு விண்டோஸ் சின்னமும் சுழலும் புள்ளிகளும், அதன்பின் ஒரு கறுப்புக் கட்டளைப் பெட்டி, கடைசியில் பேக்கப் மென்பொருளின் திரை. எந்தக் கட்டத்தில் நின்றதோ, குற்றவாளி பெரும்பாலும் அந்தக் கட்டத்தில்தான் இருப்பார். நின்ற திரையை மொபைலில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கடைக்குக் கொண்டுபோக நேர்ந்தால் நீங்கள் வாயால் சொல்லும் விளக்கத்தைவிட அந்தப் படம் அதிகம் உதவும்.

நின்றதா, நிதானமாக நடக்கிறதா?

மீட்பு பென்டிரைவ்களில் பெரும்பாலானவை விண்டோஸ் பிஇ என்ற குட்டி விண்டோஸில் ஓடுபவை. மேக்ரியம், வீம், அக்ரோனிஸ் என்று பெயர் எதுவானாலும் அடியில் இருப்பது பெரும்பாலும் இதுதான். அந்தக் குட்டி விண்டோஸ் முழுவதும் ஒரே கோப்பாகச் சில நூறு மெகாபைட் அளவில் பென்டிரைவில் இருக்கும். பூட் ஆகும்போது அது மொத்தமாக நினைவகத்துக்கு ஏறியாக வேண்டும். நொடிக்கு 5 மெகாபைட் மட்டுமே படிக்கத் தெரிந்த மலிவுப் பென்டிரைவில் 600 மெகாபைட் ஏற இரண்டு நிமிடம் ஆகும். பழைய பென்டிரைவ், பழைய போர்ட் என்றால் இன்னும் கூடுதல். ஆகவே முதல் முறை கால் மணி நேரம் கொடுங்கள், கடிகாரத்தைப் பார்த்துக் கொடுங்கள். பதற்றத்தில் ஒரு நிமிடமே பத்து நிமிடமாகத் தெரியும்.

காத்திருக்கும்போது கீபோர்டில் கேப்ஸ் லாக்கை அழுத்திப் பாருங்கள். விளக்கு எரிந்து அணைந்தால் மெஷினுக்கு உயிர் இருக்கிறது. எரியவில்லை என்றால் உறைந்துவிட்டது என்று முடிவுகட்டிவிடாதீர்கள். புள்ளிகள் சுழன்றுகொண்டே இருந்து, அல்லது மெனு திரையில் தெரிந்து, கீபோர்டும் மவுஸும் மட்டும் அசையவில்லை என்றால், உறைந்தது மெஷின் அல்ல. யூஎஸ்பி டிரைவர்தான் இல்லை.

2025 அக்டோபரில் இது உலகம் முழுக்க நடந்தது. அக்டோபர் 14 அன்று மைக்ரோசாஃப்ட் விட்ட விண்டோஸ் 11 அப்டேட்டை (கேபி5066835) ஏற்றிய மெஷின்களில், மீட்புச் சூழலுக்குள் நுழைந்ததும் யூஎஸ்பி கீபோர்டும் மவுஸும் செத்துப்போயின. விண்டோஸுக்குள் இருக்கும்வரை இரண்டும் நன்றாக வேலை செய்தன. மீட்புத் திரை வந்ததும், ‘டிரபிள்ஷூட்’ என்ற பட்டனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. தமிழர்கள் தீபாவளி கொண்டாடிய அக்டோபர் 20 அன்று அவசரத் திருத்தம் (கேபி5070773) வந்தது. விண்டோஸ் ஏறாத மெஷினில் திருத்தத்தை எப்படி ஏற்றுவது என்பதுதான் வேடிக்கை. அந்த நாட்களில் காப்பாற்றியவை தொடுதிரையும், பழைய டெஸ்க்டாப்களின் பின்னால் இருக்கும் வட்டமான பிஎஸ்/2 போர்ட்டும், முன்னரே செய்துவைத்த மீட்பு பென்டிரைவும்தான். அந்த வட்டப் பின் கீபோர்டு ஒன்று வீட்டில் கிடந்தால் தூக்கிப்போடாதீர்கள். செருகும்போது மட்டும் மெஷின் அணைந்திருக்க வேண்டும். ஓடும்போது செருகினால் அது பிடித்துக்கொள்ளாது.

இன்னொரு சங்கதி. உங்கள் மெஷினில் இருக்கும் மீட்புச் சூழலையே நகலெடுத்துப் பென்டிரைவ் செய்யும் மென்பொருள்கள் உண்டு. மெஷினில் இருக்கும் குறை பென்டிரைவுக்கும் ஒட்டிக்கொள்ளக்கூடும். ஆகவே கீபோர்டு செத்திருந்தால், அதே மென்பொருளின் பென்டிரைவை வேறொரு மெஷினில் செய்து பார்ப்பது அடுத்த படி.

கம்பெனி லோகோவிலேயே நின்றால்

டெல், எச்பி என்று பெயர் தெரிகிற திரையிலேயே நின்றுவிட்டால் பேக்கப் மென்பொருளுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மென்பொருள் இன்னும் தொடங்கவே இல்லை. பயாஸ் தன்னுடன் இணைந்த பொருள்களை ஒவ்வொன்றாக விசாரித்துக்கொண்டே வந்து, ஏதோ ஒன்றிடம் பதில் வராமல் நிற்கிறது.

எல்லாவற்றையும் கழற்றுங்கள். பிரின்டர், வெப்கேம், வெளி ஹார்ட்டிஸ்க், கார்ட் ரீடர், கணக்கு அலுவலகமென்றால் டிஜிட்டல் கையொப்ப டோங்கிள். மானிட்டர், கீபோர்டு, மவுஸ், மீட்பு பென்டிரைவ் இவை மட்டும் இருக்கட்டும். பென்டிரைவை யூஎஸ்பி ஹப்பில் செருகாதீர்கள். டெஸ்க்டாப்பின் முன்பக்க போர்ட்டும் வேண்டாம்; அது உள்ளே ஒரு ஒயர் வழியாகப் போர்டுக்குப் போகிறது, அந்த ஒயர் தளர்ந்திருப்பது சகஜம். பின்பக்கம், போர்டிலேயே பதிந்திருக்கும் போர்ட்டில் செருகுங்கள். நீல நிற நாக்குள்ள யூஎஸ்பி 3 போர்ட்டில் நின்றால், கறுப்பு நிற யூஎஸ்பி 2 போர்ட்டில் மாற்றிப் பாருங்கள். வேகம் குறைந்தாலும் பழைய மெஷின்களில் இது பலமுறை கைகொடுக்கும்.

பென்டிரைவையே கழற்றிவிட்டு ஆன் செய்தால் லோகோவைத் தாண்டுகிறதா என்றும் பாருங்கள். தாண்டினால் சந்தேகம் பென்டிரைவ் மேல். தாண்டாவிட்டால் மெஷினுக்குள்ளேயே வேறு கோளாறு. மீட்பதைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம்.

பூட் மெனுவுக்கான விசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். டெல், லெனோவோ, கிகாபைட் என்றால் எஃப்12. எச்பியில் எஸ்கேப் அழுத்திப் பிறகு எஃப்9. ஏசுஸ் லேப்டாப்பில் எஸ்கேப், டெஸ்க்டாப் போர்டில் எஃப்8. எம்எஸ்ஐயில் எஃப்11. ஏசரில் எஃப்12தான், ஆனால் பல மாடல்களில் பயாஸுக்குள் போய் முதலில் அதை இயக்கிவைக்க வேண்டும்.

அந்த மெனுவில் உங்கள் பென்டிரைவின் பெயர் இரண்டு முறை தெரியலாம். ஒன்றின் முன்னால் யூஇஎஃப்ஐ என்றிருக்கும், மற்றதில் வெறும் பெயர் மட்டும். முதலாவது புதிய முறை, இரண்டாவது பழைய லெகஸி முறை. ஒன்றில் கறுப்புத் திரையோடு நிற்கும் பென்டிரைவ் மற்றதில் ஒழுங்காக ஏறிவிடுவது உண்டு. ஏறினால் போதுமென்று இருந்துவிடக் கூடாது. உங்கள் விண்டோஸ் எந்த முறையில் நிறுவப்பட்டதோ அதே முறையில்தான் பென்டிரைவையும் ஏற்றிப் பேக்கப்பை இறக்க வேண்டும். இல்லையென்றால் இறக்கி முடித்தபின் மெஷின் பூட் ஆகாமல் நிற்கும் அபாயம் இருக்கிறது. விண்டோஸ் 11 நிறுவப்பட்டே வந்த மெஷின் என்றால் அது யூஇஎஃப்ஐதான், யோசிக்க வேண்டியதில்லை. யூஇஎஃப்ஐ வரிசையில் பென்டிரைவ் தெரியவே இல்லையென்றால், அது ஃபேட்32 முறையில் ஃபார்மேட் ஆகியிருக்கிறதா என்று வேறு மெஷினில் பாருங்கள். என்டிஎஃப்எஸ் பென்டிரைவைப் பல பயாஸ்கள் கண்டுகொள்வதில்லை.

செக்யூர் பூட்டைத் தொடும் முன்

யூட்யூப் வீடியோ எதைப் பார்த்தாலும் முதல் அறிவுரை ‘செக்யூர் பூட்டை ஆஃப் பண்ணு’ என்பதாகவே இருக்கிறது. எனக்கு இதில் உடன்பாடில்லை. செக்யூர் பூட், அதாவது சான்றிதழ் இல்லாத பூட் கோப்புகளை விரட்டும் காவல், தடுத்தால் பெரும்பாலான மெஷின்கள் பாதுகாப்பு மீறல் என்று ஒரு செய்தியைக் காட்டும். மௌனமாக உறைந்து நிற்பவை குறைவு. செய்தி வந்தால் மட்டும் இந்தப் பக்கம் திரும்பினால் போதும்.

தடுப்பதற்கு நியாயமான காரணமும் இருக்கலாம். பிளாக்லோட்டஸ் என்ற பூட்கிட் (விண்டோஸ் எழும் முன்பே நுழையும் தீநிரல்) வெளிப்பட்ட பிறகு, 2023 முதல் மைக்ரோசாஃப்ட் பழைய பூட் கோப்புகளின் சான்றிதழை விலக்கும் வேலையைப் படிப்படியாகச் செய்துவருகிறது. அந்த விலக்கல் உங்கள் மெஷினில் அமலாகிவிட்டால், அதற்கு முன்னர் செய்த மீட்பு பென்டிரைவ் ஏறாது. 2011ஆம் ஆண்டுச் சான்றிதழ்களின் காலமும் 2026 ஜூனிலிருந்து முடியத் தொடங்குகிறது. 2023ஆம் ஆண்டுச் சான்றிதழ்கள் அவற்றின் இடத்துக்கு வருகின்றன. லினக்ஸ் பென்டிரைவ் வைத்திருப்பவர்களுக்கும் இதேபோல் 2024 ஆகஸ்டில் ஒரு அடி விழுந்தது. அந்த மாத விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு பழைய லினக்ஸ் பூட் வட்டுகள் பாதுகாப்புக் கொள்கை மீறல் என்று சொல்லிவிட்டு மெஷினையே அணைத்தன. இவற்றுக்கெல்லாம் ஒரே மருந்து, மென்பொருளின் இப்போதைய பதிப்பைக் கொண்டு பென்டிரைவைப் புதிதாகச் செய்வது. ஐந்து வருடம் முன்பு செய்ததைப் பத்திரமாக வைத்திருப்பதில் பெருமை ஏதுமில்லை.

செக்யூர் பூட்டை அணைத்தே ஆக வேண்டுமென்றால், அதற்கு முன், டிஸ்க்கைப் பூட்டும் பிட்லாக்கரின் சாவி கையில் இருக்கிறதா என்று பாருங்கள். நாற்பத்தெட்டு இலக்க எண் அது. புதிய லேப்டாப்கள் பலவற்றில் நீங்கள் கேட்காமலேயே டிஸ்க் பூட்டப்பட்டிருக்கும், சாவி உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் போய் உட்கார்ந்திருக்கும். பயாஸில் ஒரு சுவிட்சை மாற்றினாலும் மெஷினுக்குச் சந்தேகம் வந்து, அடுத்த முறை அந்த எண்ணைக் கேட்டு நிற்கும். கடையில் வாங்கிய நாளில் யாரோ ஒரு பையன் அவனுக்குத் தோன்றிய மெயில் ஐடியில் கணக்குத் திறந்து கொடுத்திருந்தால் கதை அங்கேயே முடிந்தது.

பெரிய நிறுவனங்களும் இந்த இடத்தில் இடறின. 2024 ஜூலை 19 காலை, கிரவுட்ஸ்ட்ரைக் என்ற நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கான தவறான அப்டேட் ஒன்று நம் நேரப்படி 9.39க்குப் புறப்பட்டது. 10.57க்குத் திரும்பப் பெறப்பட்டது. அந்த ஒன்றேகால் மணி நேரத்தில் உலகம் முழுக்கச் சுமார் 85 லட்சம் விண்டோஸ் மெஷின்கள் நீலத்திரையில் விழுந்தன என்று மைக்ரோசாஃப்ட் மதிப்பிட்டது. இந்திய விமான நிலையங்களில் பயணிகளுக்குக் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்த நாள் அது. மெஷின் ஒவ்வொன்றின் முன்னாலும் யாராவது போய் நின்று சரிசெய்ய வேண்டியிருந்தது. அதற்காக மைக்ரோசாஃப்ட் ஒரு மீட்பு பென்டிரைவ் கருவியையே வெளியிட்டது. அதில் இரண்டு வழிகள். ஒன்று விண்டோஸ் பிஇ வழி. சீக்கிரம் முடியும், ஆனால் பிட்லாக்கர் போட்ட மெஷினில் சாவி எண்ணைத் தட்டச்சு செய்தாக வேண்டும். மற்றது சேஃப் மோடு வழி; சாவி தெரியாதவர்களுக்கானது, ஆனால் அட்மின் கடவுச்சொல் வேண்டும். பென்டிரைவ் எளிதாகக் கிடைத்தது, ஆயிரக்கணக்கான மெஷின்களுக்குச் சாவியைத் தேடுவதுதான் பல இடங்களில் நாட்களை விழுங்கியது. உங்களிடம் இருப்பது ஒரே மெஷின். சாவியை ஒரு தாளில் எழுதிப் பான் கார்டு வைக்கும் இடத்தில் வையுங்கள், அதே மெஷினுக்குள் ஒரு கோப்பாக வைத்துவிடாதீர்கள்.

கோப்புகள் ஏறும்போது நின்றால்

கோப்புகள் ஏறுவதைக் காட்டும் கோடு பாதிவரை வந்து நிற்கிறது என்றால் காரணம் பெரும்பாலும் பென்டிரைவ்தான். நினைவகத்துக்கு ஏற வேண்டிய அந்த ஒரே பெரிய கோப்பில் ஒரு துண்டைப் படிக்க முடியவில்லை.

லேமிங்டன் ரோடிலோ ஸ்டேஷன் வாசலிலோ பாதி விலையில் கிடைக்கும் 128 ஜிபி பென்டிரைவில் உண்மையில் எட்டு ஜிபிகூட இல்லாமல் போகலாம். 128 என்று காட்டும்படி அதன் சிப்பில் பொய் எழுதியிருப்பார்கள். நிரம்பும்வரை தெரியாது, நிரம்பிய பிறகு எழுதியதெல்லாம் காற்றில் போகும். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவசக் கருவி பென்டிரைவ் முழுக்க எழுதித் திரும்பப் படித்து உண்மையைச் சொல்லிவிடும். புதிதாக வாங்கியவுடனே, காலியாக இருக்கும்போதே இதைச் செய்துவிடுங்கள்.

தாணே கழிமுகத்தை ஒட்டிய ஊர் இது. மழைக்காலத்தில் டிராயருக்குள் கிடக்கும் எவர்சில்வர் ஸ்பூனே மங்கிப்போகும்போது பென்டிரைவின் தொடுமுனைக்கு விதிவிலக்கு கிடையாது. மூடியுள்ள பென்டிரைவாக வாங்கி, மூடியைத் தொலைக்காமல் ஒரு ஜிப் கவரில் போட்டு வையுங்கள். முனை மங்கியிருந்தால் பஞ்சில் ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, காய்ந்தபின் செருகுங்கள்.

புதுப் பென்டிரைவுக்கு மாற்றும்போது பழையதிலிருந்து கோப்புகளை அப்படியே காப்பி செய்யாதீர்கள். கெட்டுப்போன துண்டும் சேர்ந்து வரும். பேக்கப் மென்பொருளை இன்னொரு மெஷினில் நிறுவி, அங்கிருந்து மீட்பு பென்டிரைவை முதலிலிருந்து செய்யுங்கள். வென்டாய் கொண்டு ஒரே பென்டிரைவில் பத்து ஐஎஸ்ஓ வைத்திருப்பவர்கள், நின்றுபோகும் ஐஎஸ்ஓவை மட்டும் ரூஃபஸ் வழியாகத் தனிப் பென்டிரைவில் எழுதிப் பாருங்கள். வென்டாய் நல்ல கருவி, ஆனால் ஆபத்து நேரத்தில் நடுவில் ஒரு ஆள் குறைவது நல்லது.

புள்ளிகள் சுழன்று நின்றால்

இங்கேதான் நிதானம் வேண்டும். கோப்புகள் ஏறிவிட்டன, பென்டிரைவ் தன் வேலையை ஏறக்குறைய முடித்துவிட்டது. இப்போது குட்டி விண்டோஸ் மெஷினில் என்னென்ன இருக்கிறது என்று பார்க்கிறது. எதைத் தொட்டு நின்றது என்பதைக் கண்டுபிடிக்க வேண்டும்.

முதல் சந்தேகம், நீங்கள் யாரைக் காப்பாற்ற வந்தீர்களோ அந்த ஹார்ட்டிஸ்க் மேலேயே. சாகும் டிஸ்க்கிடம் ‘நீ யார், எத்தனை பாகம்’ என்று கேட்டால் அது உடனே பதில் சொல்லாது. ஒரு செக்டரைப் படிக்க முயன்று, தோற்று, மறுபடி முயன்று, மறுபடி தோற்று என்று நிமிடங்கள் ஓடும். அதுவரை குட்டி விண்டோஸ் காத்துக்கொண்டிருக்கும். பார்க்கிறவருக்குப் பென்டிரைவ் உறைந்துவிட்டது போலத் தெரியும். காதைக் கேபினட் அருகே கொண்டுபோய்க் கேளுங்கள். சீரான இடைவெளியில் டக், டக் என்று சத்தம் வந்தால் உடனே அணைத்துவிடுங்கள். சத்தம் வராத எஸ்எஸ்டியும் இதேபோல் மௌனமாக இழுத்தடிக்கும்.

சோதிப்பது எளிது. டெஸ்க்டாப் என்றால் பிளக்கைப் பிடுங்கி, பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, டிஸ்க்கிலிருந்து போர்டுக்குப் போகும் மெல்லிய தட்டை சாட்டா ஒயரை மட்டும் உருவிவிடுங்கள். கேபினட்டின் இரும்பை ஒருமுறை தொட்டுவிட்டுக் கை வைத்தால் உடம்பின் நிலைமின்சாரம் இறங்கிவிடும். ஒயரைக் கழற்ற மனமில்லாதவர்கள் பயாஸில் அந்த சாட்டா போர்ட்டை அணைத்துவைக்க வசதி இருக்கிறதா என்று பாருங்கள். லேப்டாப்பில் எம்.2 எஸ்எஸ்டி ஒரே ஸ்க்ரூவில் நிற்கும், கழற்றத் தெரிந்தவர் கழற்றலாம். இப்போது டிஸ்க்கே இல்லாமல் மீட்பு பென்டிரைவை ஏற்றுங்கள். மடமடவென்று மென்பொருள் திரைவரை போய்விட்டால் வழக்கு முடிந்தது: பென்டிரைவ் நிரபராதி, டிஸ்க்தான் குற்றவாளி.

அப்படியானால் அந்த டிஸ்க்கிலேயே பேக்கப்பை இறக்க முயலாதீர்கள். அதே அளவோ கூடுதலோ உள்ள புது எஸ்எஸ்டி வாங்கிப் பொருத்தி, அதில் இறக்குங்கள். பழைய டிஸ்க்கை ஃபார்மேட் செய்யாமல், சோதனை என்ற பெயரில் திரும்பத் திரும்ப ஓட்டாமல், தனியே எடுத்துவையுங்கள். கடைசி பேக்கப்புக்குப் பிறகு எழுதிய பில்களும் பதிவுகளும் அதில் மட்டும்தான் இருக்கின்றன. அவை அவசியமென்றால் டேட்டா ரெகவரி செய்பவரிடம் போகும்வரை அதற்கு மின்சாரமே காட்டக் கூடாது.

டிஸ்க்கைக் கழற்றியும் அதே இடத்தில் நின்றால் அடுத்து ரேம். குட்டி விண்டோஸ் முழுக்க ரேமில்தான் குடியிருக்கிறது. ரேமில் ஒரு மூலை கெட்டிருந்தாலும் அது விழும். இரண்டு ரேம் இருந்தால் ஒன்றைக் கழற்றி ஒன்றோடு ஏற்றுங்கள், பிறகு மாற்றி ஏற்றுங்கள். நம்மூர்க் கடைகளில் ரேமின் பொன்னிற முனையைப் பென்சில் ரப்பரால் தேய்த்துக் கொடுப்பார்கள். வேலை செய்யும், மறுக்கவில்லை. மெதுவாகத் தேய்த்து, ரப்பர் துகள் ஒன்றுகூட ஸ்லாட்டுக்குள் விழாமல் ஊதிவிட வேண்டும். சந்தேகம் தீர மெம்டெஸ்ட்86+ பென்டிரைவ் ஒன்றை இரவு முழுக்க ஓடவிடலாம். பயாஸில் ரேம் வேகத்தைக் கூட்டும் எக்ஸ்எம்பி இருந்தால் அதற்கு முன் அணைத்துவிடுங்கள்.

மூன்றாவது, டிரைவர். இன்டெல் 11ஆம் தலைமுறை முதல் வந்த லேப்டாப்கள் பலவற்றில் விஎம்டி என்ற அமைப்பின் பின்னால் எஸ்எஸ்டி ஒளிந்திருக்கும். டிரைவர் இல்லாத மீட்பு பென்டிரைவ் ஏறிவிடும், ஆனால் ‘டிஸ்க்கே இல்லை’ என்று சொல்லும். பொருந்தாத டிரைவரைச் சேர்த்திருந்தால் புள்ளிகளிலேயே நிற்கலாம். பயாஸில் விஎம்டியை அணைத்தால் டிஸ்க் தெரியும் என்று பலரும் சொல்வார்கள். தெரியும்தான். ஆனால் திரும்ப இயக்க மறந்தால் நிறுவியிருக்கும் விண்டோஸ் நீலத்திரை காட்டும். லேப்டாப் கம்பெனியின் தளத்தில் உங்கள் மாடலுக்கான இன்டெல் ஸ்டோரேஜ் டிரைவரை எடுத்து, மீட்பு பென்டிரைவ் செய்யும்போதே சேர்ப்பதுதான் முறை.

கறுப்புப் பெட்டியிலும் லினக்ஸிலும்

சிறிய கறுப்புக் கட்டளைப் பெட்டியில் ஒரே வரியோடு நின்றால், அது பெரும்பாலும் நெட்வொர்க்கைத் தேடுகிறது. லேன் ஒயரைப் பிடுங்கிவிட்டு மறுபடி ஏற்றுங்கள். பேக்கப் வெளி ஹார்ட்டிஸ்க்கில் இருந்தால் நெட்வொர்க்கே தேவையில்லை. மென்பொருளின் திரை வந்து ‘காத்திருக்கவும்’ என்று நின்றால், வெளி டிஸ்க்கையும் கழற்றிவிட்டு ஏற்றி, திரை முழுதாக வந்தபின் செருகுங்கள்.

குளோன்ஸில்லா போன்ற லினக்ஸ் பென்டிரைவ்கள் கறுப்புத் திரையில் நிற்பதற்கு என்விடியா கார்டு பொதுவான காரணம். பூட் மெனுவிலேயே பாதுகாப்பான கிராஃபிக்ஸ் என்ற தேர்வு இருக்கும். இல்லையென்றால் மெனு வரியில் ‘இ’ விசையை அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் நோமோட்செட் என்று ஆங்கில எழுத்தில் இடைவெளியில்லாமல் சேருங்கள். அதே வரியில் ‘குவைட்’ என்ற சொல் இருந்தால் நீக்கிவிடுங்கள். எந்த வேலையில் நின்றது என்பது திரையின் கடைசி வரியில் எழுத்தாகவே தெரியும். குளோன்ஸில்லாவில் மொத்தத்தையும் ரேமுக்கு ஏற்றும் தேர்வும் உண்டு. ஏறியபின் பென்டிரைவையே உருவிவிடலாம் என்பதால், தளர்ந்த போர்ட் உள்ள மெஷின்களுக்கு வசதி.

எதுவுமே நடக்கவில்லை, தேதி பத்தொன்பது

அப்போது மெஷினை மறந்துவிடுங்கள், கணக்கைப் பாருங்கள். டிஸ்க் இமேஜ் என்பது ஒரு பெரிய கோப்பு. அதே பேக்கப் மென்பொருளை நண்பரின் லேப்டாப்பில் நிறுவினால், அந்த இமேஜைத் திறந்து உள்ளே இருக்கும் ஃபோல்டர்களைப் பார்க்கலாம். பெரும்பாலான மென்பொருள்கள் இதற்கு இடம் கொடுக்கின்றன. கணக்கு மென்பொருளான டேலிபிரைமின் டேட்டா பொதுவாகச் சி டிரைவில் யூசர்ஸ், அதற்குள் பப்ளிக், அதற்குள் டேலிபிரைம் என்ற ஃபோல்டரில் இருக்கும். அதை மட்டும் வெளியே எடுத்து, அந்த லேப்டாப்பிலேயே ரிட்டர்ன் போட்டு முடித்துவிட்டு, இருபத்தொன்றாம் தேதி மெஷினோடு சண்டை போடலாம்.

அந்தச் சண்டைக்கும் சுற்றுவழி ஒன்று உண்டு. புது எஸ்எஸ்டியை ஒரு யூஎஸ்பி உறையில் போட்டு நண்பரின் லேப்டாப்பில் செருகி, அங்கிருந்தே இமேஜை அதில் இறக்கிவிட்டு, பிறகு உங்கள் மெஷினில் பொருத்தலாம். மீட்பு பென்டிரைவின் உதவியே வேண்டாம். இறக்க வேண்டிய டிஸ்க் எது என்று தேர்ந்தெடுக்கும்போது மட்டும் அளவையும் பெயரையும் இரண்டுமுறை பாருங்கள், இல்லையென்றால் நண்பரின் டிஸ்க் அழியும். யூபிஎஸ் இல்லாமல் தொடங்கவும் வேண்டாம். 2020 அக்டோபர் 12 காலை பத்து மணியளவில் மும்பை, தாணே, நவி மும்பை எங்கும் ஒரே நேரத்தில் மின்சாரம் போனபோது, டேட்டா சென்டர்கள் டீசல் ஜெனரேட்டருக்கு மாறிக்கொண்டன. உங்கள் மேஜைக்கு அந்த ஜெனரேட்டர் வராது.

கடைக்குக் கொண்டுபோவதென்று முடிவானால், மொபைலில் எடுத்த அந்தப் படத்தைக் காட்டுங்கள். என்னென்ன கழற்றிப் பார்த்தீர்கள் என்று சொல்லுங்கள். ‘பையா, ஃபார்மேட் மத் கர்னா’ (அண்ணா, ஃபார்மேட் செய்யாதீர்கள்) என்று முதல் வாக்கியமாகவே சொல்லிவிட்டு, ரசீதிலும் டேட்டா அழிக்கக் கூடாது என்று எழுதி வாங்குங்கள். மெஷினை மட்டும் கொடுங்கள். பேக்கப் இருக்கும் வெளி ஹார்ட்டிஸ்க் உங்களோடு வீட்டுக்குத் திரும்பட்டும். அதைக் கேட்டு அடம்பிடிக்கிற கடையென்றால் இமேஜை வேறொரு டிஸ்க்குக்கு நகலெடுத்து, அந்த நகலைக் கொடுங்கள்.